ஆசிரமம்: சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சிரமம்

(திரையில்: விடியாத நேரம், மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கூரை, சமையலறைப் புகை)

வணக்கம். வீட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்து தட்டைக் கழுவப் போனால், "ஐயோ, உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று கேட்கிறோம். அதே சிரமம்தான் 'ஆசிரமம்' என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது.

வடமொழியில் 'ஸ்ரம்' என்றால் உழைத்தல், பாடுபட்டுக் களைத்தல். அதற்கு முன்னால் 'ஆ' சேர்ந்து 'ஆச்ரம' என்றானது. ரிஷிகள் தவம் என்ற கடும் உழைப்பைச் செய்த இடம். 'வி' சேர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும்: விச்ராந்தி, அதாவது ஓய்வு. சமணர் என்ற பெயரும் 'ஸ்ரமண' என்பதிலிருந்து வந்ததே. பாடுபடும் துறவி என்று பொருள்.

அதனால் 'மூன்று நாள் ஆசிரமத்தில் போய் ரெஸ்ட் எடுத்துட்டு வரேன்' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. அங்கே அமைதி கிடைக்கும், உண்மைதான். ஆனால் சொல் கேட்பது உழைப்பை.

(திரையில்: நான்கு படிகள்)

இன்னொரு பொருளும் உண்டு. கல்வி கற்கும் பிரம்மசரியம், இல்லறமான கிருகஸ்தம், காட்டுக்குப் போய்த் தவம் செய்யும் வானப்பிரஸ்தம், எல்லாவற்றையும் துறக்கும் சந்நியாசம் என்ற வாழ்க்கையின் நான்கு நிலைகளுக்கும் ஆசிரமம் என்றே பெயர். 'இல்வாழ்வான் என்பான் இயல்புடைய மூவர்க்கும்' என்ற குறளில் வரும் அந்த மூவரை, மற்ற மூன்று நிலைகளில் இருப்பவர்கள் என்றுதான் பரிமேலழகர் விளக்குகிறார். அப்படிப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் வீடும் ஓர் ஆசிரமம்தான்.

சரி, மடத்துக்கும் ஆசிரமத்துக்கும் என்ன வித்தியாசம்? தருமபுரம், திருவாவடுதுறை போன்ற மடங்களில் குரு பரம்பரை உண்டு, பட்டத்துக்கு வருகிறவர் உண்டு, நிலபுலன் உண்டு. ஆசிரமம் பெரும்பாலும் ஒரு மனிதரைச் சுற்றி வளர்கிறது.

(திரையில்: கோச்ரப் பங்களா, ஒரு கிணறு)

காந்தி 1915 மே மாதம் அகமதாபாத் அருகே கோச்ரப்பில் தொடங்கியதற்கு என்ன பெயர் வைப்பது என்று நண்பர்களிடம் கேட்டார். தபோவனம் என்றும் ஒரு யோசனை வந்தது. தவம் அவருக்குப் பிரியமானதுதான். ஆனால் நம்மைத் தவசிகள் என்று சொல்லிக்கொள்வது அதிகம் என்று விட்டுவிட்டார். சத்தியாக்கிரக ஆசிரமம் என்ற பெயர் நின்றது. தொடக்கத்தில் அங்கே இருந்த சுமார் 25 பேரில் 13 பேர் தமிழர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சில மாதங்களில் தூதாபாய், மனைவி தானிபென், கைக்குழந்தை லட்சுமி என்ற தலித் குடும்பம் அங்கே குடிவந்தது. கிணற்றில் நீர் இறைப்பவர், இவர்கள் வாளியிலிருந்து துளி தெறித்தால் தீட்டு என்று வைதார். காந்தி சொன்னது: திட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். கடைசியில் அந்த ஆள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். நன்கொடை நின்றுபோனது. கையில் காசில்லாத நேரத்தில் ஒருவர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு 1917-இல் ஆசிரமம் சபர்மதிக்கரைக்கு மாறியது. அங்கே எடுத்துக்கொண்ட விரதங்களில் ஒன்று 'சரீர சிரமம்', உடலுழைப்பு. அந்தப் பழைய வேர்ச்சொல்லை அவர் மறக்கவில்லை.

நம் பேச்சில் அநாதை ஆசிரமம், முதியோர் ஆசிரமம் என்றும் சொல்கிறோம். தவத்துக்கான சொல் அடைக்கலத்துக்கும் வந்துவிட்டது. இலங்கையில் 'ஆச்சிரமம்' என்று எழுதுவார்கள். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலருகே சந்நிதியான் ஆச்சிரமம் இருக்கிறது.

(திரையில்: மீண்டும் அந்தச் சமையலறை)

கடைசியாகத் திருவண்ணாமலை. ரமணர் 1896-இல் பதினாறு வயதில் அங்கே வந்தவர். எந்த ஆசிரமத்தையும் தொடங்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1922-இல் தாயார் காலமாகி, மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதிக்குப் பக்கத்தில் அவர் தங்கத் தொடங்க, கூரைக் கொட்டகையாக இருந்தது ரமணாசிரமமாக வளர்ந்தது. பல ஆண்டுகள் விடிவதற்கு முன்பே எழுந்து சமையலறையில் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். தேங்காய் ஓட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணம் ஆக்குவார். பந்தியில் மற்றவர்களுக்கு விழாத ஒரு கரண்டி தன் இலையில் மட்டும் கூடுதலாக விழுந்தால், பரிமாறியவரை அங்கேயே கண்டிப்பார்.