கேசட்டு அணிக்கு ரெண்டு வார்த்தை

நடுவர் அய்யாவுக்கும், மணி பத்து தாண்டியும் எந்திரிச்சு போகாம இருக்கற ஊர் மக்களுக்கும் வணக்கம். வில்லுப்பாட்டோட அருமை தெரியறது கோயில் கொடையில, அதான் நம்ம ஊரு சாமி திருவிழாவுல, நேர்ல கேக்கும்போதா, கேசட்டு ரெக்கார்டுல கேக்கும்போதாங்கறது தலைப்பு. எனக்கு கேசட்டு. நடுவர் அத சொன்ன உடனே முன்வரிசையில ரெண்டு அண்ணாச்சி சிரிச்சாவ, பாத்துட்டுதான் இருந்தேன்.

எதிரணி அக்கா நல்லா பேசுனாவ, ஒத்துக்கிடுதேன். கேசட்டு கேட்டா சாமி ஆடுமா, குலவை கேக்குமா, விடிய விடிய முழிச்சிருக்கற சுகம் வருமான்னு வரிசையா கேட்டுட்டு போய் உக்காந்துட்டாவ. அக்கா, ஒரே ஒரு கேள்வி. உங்க கொடை எப்ப தொடங்குது? வில்லுக்காரங்க வேன்ல வந்து இறங்கும்போதா? கிடையவே கிடையாது. அதுக்கு முன்னாலயே மைக்செட்டுக்காரன் தென்னைமரத்துல கோளாம்பி ஸ்பீக்கர கட்டி முதல்ல என்னத்த போடுதான்? வில்லுப்பாட்டு கேசட்டுதான், இப்ப வேணா பென்டிரைவா மாறியிருக்கும். ஊரக் கூட்டி உங்க கொடைக்கு ஆள் சேக்கறதே எங்க அணிதான், பாத்துக்கிடுங்க.

சரி, கொடையில யாரு முழுசா கேக்கா? ஆம்பளைக பாதி பேரு பந்தல் கணக்கு பேசிட்டு நிப்பாவ, பிள்ளைக வளையல் கடையில, எங்க அம்மை மாதிரி பொம்பளைங்க பொங்கப்பானை முன்னால புகையில கண்ண கசக்கிட்டு. நீலி கதைய எடுத்துக்கிடுங்க. நம்ம பார்வதிபுரம் தாண்டுனா கள்ளியங்காடு, அங்க பேரு பெத்த, பழிவாங்க வந்த பேய் நீலிதான். கள்ளிக்கொப்ப ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு செட்டியார காட்டி இவருதான் எனக்க புருசன்னு பழையனூர்ல 70 வேளாளர் முன்னால வந்து அழுவா. அந்த இடத்துல கதை பாடுற புலவர் குரல இறக்குவாரு, வில்லு மணி நிக்கும், குடம் நிக்கும், உடுக்கை மட்டும் பின்னால முனங்கும், உடுக்கைக்க இடுப்பு கயித்த அமுக்க அமுக்க அந்த சத்தமே அழுவுற மாதிரி மேல ஏறி கீழ இறங்கும். கொடையில கரெக்டா அப்பதான் எவனாவது ஓலவெடிய கொளுத்துவான்! எங்க வீட்டு பழைய கேசட்டுல அந்த இடத்துல பாடுறவரு மூச்ச இழுக்கற சத்தம் கூட கேக்கும், அதுக்காகவே திருப்பி திருப்பி போட்டு டேப்பு ரெண்டு வாட்டி சிக்கி, பேனாவ விட்டு சுத்தி எடுத்தது.

அடுத்து இடத்தே பாடுறவங்க, அதாவது புலவருக்கு பின்பாட்டு பாடுறவங்க. வலத்தே பாடுற புலவருக்குதான் மாலை, பொன்னாடை, நோட்டீஸ்ல பெரிய எழுத்து எல்லாம், ஆனா அவரு விட்ட வரிய பிடிச்சு, ஒரு சொல்ல மாத்தி, அவருக்கு அடுத்த அடி ஞாபகம் வர்ற வரைக்கும் இழுத்து நிறுத்தறது இந்தப் பக்கத்து ஆளுகதான். குடக்காரரு ஒரு கையில பத்திங்கற மட்டைய வச்சு குடத்து வாயில அடிக்கறதும், இன்னொரு கையில காச வச்சு பக்கத்துல தட்டறதும் தனித்தனி சத்தம்னு எனக்கு தெரிஞ்சதே ஹெட்போன் மாட்டி கேட்டப்பறம்தான்.

கேசட்டுலயும் ரெண்டு ஜாதி உண்டு, அத எதிரணி மறைச்சிட்டாவ. ஒண்ணு ஸ்டுடியோவுல பாடுனது. சுத்தமா இருக்கும், ஆனா ராத்திரி முழுக்க போற கதைய 60 நிமிசத்துல அடைக்கணும், அதுலயும் அரை மணிக்கு ஒருக்க கேசட்ட திருப்பணும். சுடலைமாடன் பிறந்து வளந்து மலையாளம் போற வரைக்கும் ஏ சைடுல முடிக்கணும்னா புலவருக்கு என்ன சாமர்த்தியம் வேணும், யோசிங்க. இன்னொண்ணு கொடையிலயே மைக்கு பக்கத்துல டேப்ரிக்கார்டர வச்சு பிடிச்சது. எனக்கு இதுதான் உசுரு. கதை நடுவுல "சிவப்பு சட்ட போட்ட பையன் மேடைப் பக்கம் நிக்கான், அப்பா வந்து கூட்டிட்டு போங்க"ன்னு அறிவிப்பு கேக்கும், நாய் குரைக்கும், அக்கா கேட்ட குலவையும் அதுல இருக்கு. கொடையும் எங்க கேசட்டுக்குள்ளதான் கெடக்கு, அக்கா!

இந்தியாவுலயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ல எங்க வந்துச்சு? டெல்லியிலயா, மெட்ராஸ்லயா? நம்ம நாகர்கோவில்ல. கொடை நடக்கற ஊருக்கு ராத்திரி தனியா போக முடியாத எத்தன அம்மாமாரு அடுப்படியில ரேடியோவ வச்சு வில்லு கேட்டாவன்னு இந்த கூட்டத்துலயே கை தூக்க சொன்னா தெரிஞ்சிரும். அதுக்கும் முன்னால, 1970கள்ல, ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளரு இந்த பக்கம் வந்து கொடை கொடையா போயி வில்லுப்பாட்ட ரெக்கார்டு பண்ணி, அத வச்சு ஆராய்ச்சியே எழுதுனாரு. நேர்ல கேட்டாரு, சரி. வீட்டுக்கு போயி எழுதும்போது எத கேட்டுருப்பாரு?

மணி அடிச்சிட்டாவ, இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு இறங்குதேன். கொட்டாரத்து பூங்கனி அம்மா. சின்ன வயசுலயே வில்லடிக்க வந்து, ஆம்பளைக நிறைஞ்ச தொழில்ல வில்லடிக்கற வீசுகோல பிடிச்சு நடுவுல உக்காந்து பாடுனவங்க, 80 வயசு தாண்டி 2018ல போயிட்டாங்க. எதிரணி அக்காவும் அண்ணாச்சியும் கொஞ்சம் மனசு வச்சு, அந்த அம்மா குரல நேர்ல கேக்க நான் எந்த ஊரு கொடைக்கு, எந்த பஸ்ஸுல ஏறணும்னு மட்டும் சொல்லிருங்க. சொல்லிட்டீங்கன்னா தீர்ப்ப நீங்களே வாங்கிட்டு போங்க.