கூலி பாக்கி

(பாளையங்கோட்டையில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பின்வரிசையில் சுவரோரமாக நிற்கிற தம்பிமாரே, முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

‘கொரோனாப் பெருந்தொற்றில் உழைத்த மருத்துவப் பணியாளர்களுக்குப் போனஸ் கொடுப்பது தகுமா?’ இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பட்டிமன்றம் என்றால் பக்கத்துக்கு மூன்று பேர் பேசுவார்கள், நடுவர் கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் தனியாள், எனக்கு அந்த வசதி இல்லை. அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தகும். ஆனால் நன்றி சொல்லிக் கையில் திணிக்கிற காசாக அதைப் பார்க்காதீர்கள். அது கூலி பாக்கி. பாக்கியைத் தீர்க்கிறவர் மாலையை எதிர்பார்த்து நிற்க முடியாது.

இதற்கு எதிராக ஊரில் சொல்லப்படுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் நேருக்கு நேராகவே கேட்டார்கள். “மாசம் பொறந்தா சம்பளம் வாங்கிட்டுத்தானவே வேல பாத்தாவ? நமக்கு எவன் குடுத்தான்?” கேட்டவர் ரத வீதியில் வளையல் கடை போடுகிறவர். 2020-ல் நெல்லையப்பர் ஆனித் தேர் ஓடவில்லை. தேர் ஓடாவிட்டால் அவருக்கு அந்த வருஷமே இல்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற பெண்களுக்கு இலையும் தூளும் வரவில்லை, கூலியும் வரவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்துப் பார்த்தால், மாதச் சம்பளக்காரருக்கு மேலும் பணமா என்று கேட்கத்தான் தோன்றும். அந்தக் கேள்வியில் பொறாமை இல்லை.

அவருக்கு நான் சொன்ன பதில் இது. உங்களுக்கு வரவேண்டியது நிவாரணம். வேலை நின்றுபோனதற்கான ஈடு அது. போதுமான அளவு கொடுக்கவில்லை என்றால் அதற்காகவும் சேர்ந்தே சண்டை போடுவோம். செவிலியருக்கு வரவேண்டியது வேறு கணக்கு. அவருக்கு வேலை நிற்கவில்லை, வேலை மாறிவிட்டது. நம் பக்கத்தில் கிணறு வெட்டக் கூலி பேசும்போது மண்ணுக்கு ஒரு விலை, பாறைக்கு ஒரு விலை. பத்தடியில் பாறை தட்டினால் மேலே நிற்கிற முதலாளி, “அதான் கூலி பேசியாச்சே, வெட்டு” என்று சொல்லமாட்டார். சொன்னால் கயிற்றை உருவிக்கொண்டு ஆள் போய்விடுவான். 2020 மார்ச்சில் இவர்களுக்குப் பாறை தட்டியது. கயிற்றை உருவிக்கொண்டு யாரும் போகவில்லை.

மாறிய வேலை என்ன என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், மறதி நமக்கு வேகமாக வருகிறது. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கிட் போட்டு நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம்ம சித்திரை வெயிலில் அந்தக் கவச உடைக்குள்ளே போனால் டூட்டி முடிகிற வரை தண்ணீர் குடிக்க முடியாது, ஒண்ணுக்குப் போக முடியாது. மாதவிலக்கு நாட்களில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று எந்த ஆண் அதிகாரியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. டூட்டி முடிந்தால் தனிமைப்படுத்தல். கைக்குழந்தை வீட்டில், தாய் விடுதியில். 2021 மே மாதம் ஆக்சிஜன் எங்கே கிடைக்கும் என்று நாடே அலைந்தபோது, மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற இஸ்ரோ வளாகத்திலிருந்து திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போனது. அதை எல்லோரும் படித்துப் பெருமைப்பட்டோம். டாங்கர் வந்து சேர்ந்த பிறகு, ராத்திரி முழுக்க ஒவ்வொரு கட்டிலாகப் போய் அளவைப் பார்த்து, குறைத்து, கூட்டி, மூச்சு வாங்குகிறவரைக் குப்புறப் படுக்க வைத்தவர்கள் பற்றி அந்த அளவுக்குச் செய்தி வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருந்தது. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் கடைசியில் மேலப்பாளையத்தை அடைத்தார்கள். தெரு முனையில் தகரம். அந்தத் தகரத்துக்கு உள்ளே வீடு வீடாக ஏறி இறங்கி, காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா என்று கேட்டவர்கள் யார்? டெங்கு காலத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துக் கொசுப்புழு பார்ப்பார்களே, அந்த டி.பி.சி. பணியாளர்கள். தினக்கூலிக்கு வருகிற மஸ்தூர்கள். கிராமத்தில் என்றால் கிராம சுகாதார செவிலியர், கையில் ஒரு நோட்டு, தோளில் ஒரு பை. பாசிட்டிவ் வந்த வீட்டுக் குப்பையைத் தனியாக எடுத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். சிந்துபூந்துறையில் தகன மேடையில் நின்றவர்களை மருத்துவப் பணியாளர் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. சொந்த மகனே பத்தடி தள்ளி நின்ற உடலை அவர்கள்தான் தொட்டார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். கைதட்டலை விட்டுவிடுகிறேன். 2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் தட்டைத் தட்டினேன், பேரன் விசில் ஊதினான், அது தப்பில்லை.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 24-ம் தேதி, மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் உள்ளிட்டோருக்கு ஒரு மாதச் சிறப்பு ஊதியம் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். அடுத்த மாதமே இன்னோர் அரசாணை வந்தது. எல்லா அரசு ஊழியருக்கும் அகவிலைப்படி உயர்வு நிறுத்தம், ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் வாங்குவதும் நிறுத்தம். இந்த ‘எல்லா ஊழியர்’ என்பதில் கொரோனா வார்டில் நின்ற செவிலியரும் அடக்கம். 17 சதவீதத்தில் நின்ற அகவிலைப்படி 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. இடையில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 4, 3, 4, 3 என்று ஏறியிருக்க வேண்டியது. முதல் ஆறு மாதம் 4 சதவீதம் போச்சு, அடுத்த ஆறு மாதம் 7, அதற்கடுத்து 11, கடைசி ஆறு மாதம் 14. ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கிக் கூட்டுங்கள். 216 வரும். அதாவது இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கும் மேலே. ஒரு மாதம் வந்தது, இரண்டு மாதம் போனது. அரசுக்கு அன்றைக்கு வருமானம் இல்லை, மறுக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்தவருக்கும் வார்டில் நின்றவருக்கும் ஒரே கத்தியால் வெட்டியதைத்தான் நான் கேட்கிறேன்.

2021 மே மாதம், ஆட்சி மாறிய கையோடு, அப்போது முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் ஊக்கத்தொகை அறிவித்தார். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதப் பணிக்கு மருத்துவருக்கு 30,000 ரூபாய், செவிலியருக்கு 20,000, தூய்மைப் பணியாளர், ஆய்வகப் பணியாளர், ஆம்புலன்ஸ் பணியாளர் போன்றவர்களுக்கு 15,000. பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் 20,000. தொற்றில் உயிரிழந்த 43 மருத்துவர்களின் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம். அறிவிப்பு விரிவாகவே இருந்தது, கீழ்மட்டத்தை மறக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த ஏணிப்படி உறுத்துகிறது. பொங்கல் போனஸை நினைத்துப் பாருங்கள். சி, டி பிரிவுக்கு 3,000 ரூபாய், ஏ, பி பிரிவு அதிகாரிகளுக்கு ஒன்றும் கிடையாது. குறைந்த சம்பளக்காரருக்குப் பண்டிகைக்கு ஒரு கை கொடுப்போம் என்பதுதான் இத்தனை வருஷமாக நம் வழக்கம். ஆபத்துக்கான பணம் என்று வந்ததும் ஏணி தலைகீழாகிவிட்டது. தொண்டையில் குழாய் இறக்குகிற மயக்க மருத்துவர் நோயாளியின் மூச்சுக்கு ஓர் அடி தூரத்தில் நிற்கிறார், அவருக்கு 30,000 கொடுத்தால் நான் எழுந்து நின்று வணங்குவேன். அதே கட்டிலுக்குக் கீழே வாந்தியைத் துடைத்தவர் எத்தனை அடி தூரத்தில் இருந்தார்? படிப்புக்கும் பொறுப்புக்கும் ஏற்றபடி சம்பளம் ஏற்கெனவே வேறுபடுகிறது. ஆபத்துக்கான கூலியாவது, எத்தனை நாள் எவ்வளவு கிட்டே போனார் என்பதைப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அறிவிப்புக்கும் கைக்கும் நடுவே பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். இவர் நேரடிப் பணியா, மறைமுகப் பணியா? சலவைக்காரர் துணியைத்தானே தொட்டார், நோயாளியைத் தொடவில்லையே? ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் என்றால் பெயர் யாருடைய பதிவேட்டில்? ஜூனில் வேலையை விட்டுப் போனவருக்கு ஏப்ரல் கணக்கு உண்டா? நிரந்தரப் பணியாளர் பெயர் சம்பளப் பட்டியலிலிருந்து அப்படியே இறங்கிவிடும். தினக்கூலி மஸ்தூர் பெயரை யாராவது ஒருவர் நினைவு வைத்து எழுத வேண்டும். போனஸ் கூடாது என்று வாதாடிய எவரும் இவர்களுக்குச் செய்த கெடுதல், பட்டியலின் ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டம் செய்த கெடுதலுக்கு உறை போடக் காணாது.

என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் மிகவும் வலிக்கிற பகுதி ஒப்பந்தச் செவிலியர். 2020-ல் அவசரம் அவசரமாக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தற்காலிகமாக எடுத்தார்கள். மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியம். 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணி முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் புத்தாண்டு. போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதன்பிறகு வேறு திட்டத்தில் மாற்று வேலை தருகிறோம், சம்பளம் 18,000 என்று பேச்சு நடந்தது. சட்டப்படி அரசு சொன்னது என்ன? தற்காலிகம் என்று தெரிந்துதானே வந்தீர்கள். சரிதான், காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் போய் உங்களுக்கு 20,000 ஊக்கத்தொகை கிடைத்ததா என்று கேட்டால் என்ன பதில் வரும்? “அண்ணாச்சி, அத நீங்களே வச்சுக்கிடுங்க, எங்க வேலையத் தாங்க” என்றுதான் சொல்வார்கள்.

வெளிநாட்டிலும் இதே இழுபறிதான். ஸ்காட்லாந்தில் 2020 நவம்பரில் ஆளுக்கு 500 பவுண்டு என்று அறிவித்தார்கள். அதில் வரி பிடிக்காதீர்கள் என்று லண்டனைக் கேட்டார்கள், பிடித்துவிட்டார்கள். வேல்ஸ்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள் போல, அடுத்த வருஷம் 735 பவுண்டு கொடுத்தார்கள், வரி போகக் கையில் 500 நிற்கட்டும் என்று. நம் வருவாய்த் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டிய மூளை. இங்கிலாந்தில் 2021 மார்ச்சில் ஒரு சதவீத உயர்வு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு, ஜூலையில் மூன்று ஆக்கினார்கள். பிரான்ஸ் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தடவைப் பணமாக 1,500 யூரோ வரை கொடுத்துவிட்டு அதோடு நிற்கவில்லை. 2020 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு, மருத்துவமனை ஊழியர் சம்பளத்திலேயே மாதம் 183 யூரோவை ஏற்றினார்கள். போனஸ் அந்த மாதத்தோடு கரைந்துவிடும். சம்பளத்தில் ஏறியது ஓய்வூதியம் வரை கூட வரும்.

நம் நாட்டில் சட்டம் போட நேரமாகும் என்று சொல்லாதீர்கள். பணியாளர்களைத் தாக்கினால் தண்டனை என்று, 1897-ம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தால் திருத்தினார்கள். கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டு வரை சிறை. அதற்கும் முன்பே, மார்ச் கடைசியில், 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இறந்தால் பணம். நுரையீரல் கெட்டுப்போய் மாடிப்படி ஏற முடியாமல் உயிரோடு இருப்பவருக்கு அதில் இடமில்லை. அடிபடாமல் காக்கவும், செத்தால் ஈடு கொடுக்கவும் வேகமாக எழுதத் தெரிந்திருக்கிறது. உயிரோடு நின்று வேலை பார்த்ததற்கு நாள் ஒன்றுக்கு என்ன கூலி என்பதை மட்டும் நோய் போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். நோய் போன பிறகு யாருக்கும் அந்தப் பேச்சில் ருசி இருப்பதில்லை. இந்தக் கூட்டத்தையே பாருங்கள், பாதி நாற்காலி.

கேரளத்தில் நிபா வந்த செய்தி வந்தால், அன்றைக்கே செங்கோட்டைக்கு மேலே புளியரை சோதனைச் சாவடியில் நம் ஆட்கள் வெப்பமானியோடு நிற்பார்கள். நிபா கொரோனா மாதிரி இல்லை, பிடித்தால் பிழைப்பது கஷ்டம். அங்கே நிற்கிறவருக்குக் கூடுதலாக நாள் கூலி உண்டா என்று யாரும் இப்போது எழுதி வைக்கவில்லை என்றால், மறுபடியும் நாம் பின்னால் கைதட்டிக்கொண்டுதான் நிற்போம். நான் கேட்பது பெரிய அரசாணை இல்லை. கொள்ளைநோய் என்று அரசு அறிவித்த நாளிலிருந்து, நோயாளியையோ உடலையோ கழிவையோ தொடுகிற எவருக்கும், நிரந்தரமா ஒப்பந்தமா என்று பார்க்காமல், நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அந்தந்த மாதச் சம்பளத்தோடு. வருகைப் பதிவேடே பட்டியல், தனிப் பட்டியல் கிடையாது. அந்த நாட்களில் வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்கு நிரந்தரப் பணி நியமனத்தில் முன்னுரிமை. இதை ஒரு மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் முகவரியும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அதையும் ஏதாவது ஒரு கட்டத்தில் நிறுத்தி வைத்துவிடுவார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். தம்பி, மைக்கை அந்த அக்காவிடம் கொடு.