சிலேட்டுப் பலகையில் ஏழு வரிகள்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பிரான்சு நாட்டின் நடுமேற்குப் பகுதியில், லுவார் பேராற்றோடு கலக்கும் வியென் என்ற ஆற்றின் கரையில், ஷினோன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் அந்த ஊரில் குன்றின்மேல் ஒரு பழங்கோட்டை நிற்கிறது. 1429ஆம் ஆண்டில் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண், பின்னாளில் ஏழாம் சார்லஸ் மன்னராக முடிசூடியவரைச் சந்தித்தது அந்தக் கோட்டையில்தான். வேலையின் பொருட்டு அருகிலுள்ள தூர் நகரில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்த நான், முதன்முறை அந்தக் கோட்டையைப் பார்ப்பதற்காகத்தான் ரயிலேறி ஷினோனுக்குச் சென்றேன். அதற்குப் பிறகு சென்ற பயணங்களெல்லாம் மதிய உணவுக்காக. ஆற்றங்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பன்னிரண்டு மேசைகள் மட்டுமே கொண்ட ஒரு பிஸ்த்ரோவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிஸ்த்ரோ என்பது பெரிய விருந்து மாளிகையும் அன்று, வெறும் காப்பிக் கடையும் அன்று. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்துகின்ற, கணவன் சமைக்க மனைவி பரிமாறுகின்ற, அல்லது மனைவி சமைக்கக் கணவன் பரிமாறுகின்ற சிறிய உணவகத்துக்கே அந்தப் பெயர் பொருந்தும். 1814இல் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யப் படைவீரர்கள் ‘விரைவாக’ என்ற பொருள்படத் தம் மொழியில் கத்தியதிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்று ஒரு கதையைப் பலரும் சொல்வார்கள். ஆனால் இந்தச் சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 1880களில்தான். இடைப்பட்ட ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அது எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு அந்தக் கதையில் விடை இல்லை. அதனால் மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. நானும் ஏற்பதில்லை. அங்கே உணவு விரைவாக வருவதே இல்லை என்பதை நேரில் கண்டவன் நான்.

உள்ளே நுழைந்தால் துத்தநாகத் தகடு போர்த்திய ஒரு நீண்ட மேடை, வளைத்த மரத்தாலான நாற்காலிகள், துணி விரிப்பின்மேல் போட்ட வெள்ளைத் தாள் ஆகியவை இருக்கும். இவையெல்லாம் அழகானவையே. ஆயினும் என் கண் எப்போதும் தேடுவது சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கரிய பலகையைத்தான். அன்றன்றைக்கு என்ன உணவு என்பதைச் சுண்ணக்கட்டியால் அதில் எழுதியிருப்பார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தப் பலகைக்கு ஆர்துவாஸ் என்று பெயர். நாம் பள்ளியில் எழுதிப் பழகிய சிலேட்டுக் கல்லுக்கும் அங்கே அதே பெயர்தான். ஷினோன் கோட்டையின் மதிலில் நின்று கீழே பார்த்தால், துஃபோ என்ற மிருதுவான வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய சுவர்களும், அவற்றின்மேல் நீலங்கலந்த கருமை நிறக் கூரைகளும் ஆறுவரை இறங்கிச் செல்வது தெரியும். அந்தக் கூரைகள் சிலேட்டுக் கற்கள். லுவார்ப் பகுதிக்குப் பல நூற்றாண்டுகளாகக் கூரைக்கல் வழங்கிய திரெலாஸே என்ற இடத்துச் சுரங்கங்கள் 2013இல் மூடப்பட்டுவிட்டன. ஊரின் தலைக்கு மேலே இருக்கும் கல்லின் பெயரே மேசைக்கு எதிரிலும் இருக்கிறது என்பதை முதன்முதலாக உணர்ந்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

அந்தப் பலகையில் ஏழு வரிகளுக்கு மேல் நான் பார்த்ததில்லை. முன்னுணவு இரண்டு, முதன்மை உணவு மூன்று, இனிப்பு இரண்டு, அவ்வளவுதான். பன்னிரண்டு பக்கத்துக்குப் பளபளப்பான அட்டையில் படங்களோடு நீட்டப்படும் பட்டியலைக் கண்டு பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அந்த ஏமாற்றம் எப்படி நீங்கியது என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்தருள வேண்டும்.

அது அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தூரிலிருந்து ரயிலில் வரும்போதே, அன்று ஆற்று மீன்தான் சாப்பிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சாந்த்ர் என்ற மீன் ஒன்று உண்டு. முள் குறைவு, சதை வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அதன் தோல் மொறுமொறுப்பாகும்வரை வாட்டி, பேர் பிளாங் என்ற வெண்ணெய்ச் சாற்றை ஊற்றித் தருவது அந்த வட்டாரத்தின் பெருமை. பலகையில் இரண்டாவது வரியாக அது இருப்பதைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு உட்கார்ந்தேன். ஜன்னலோரத்து மேசையில் இருந்த நால்வரிடம் முதலில் கேட்டுவிட்டு என்னை நோக்கி வந்த உணவகத்து அம்மையார், வரும் வழியில் நின்று, ஈரத்துணியின் ஓரத்தால் அந்த இரண்டாவது வரியைத் துடைத்துவிட்டார். என் கண்ணெதிரே, எழுத்து எழுத்தாக, என் மீன் மறைந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. குளிர்பெட்டியில் வேறு மீன் இருக்குமே, அதைச் செய்து தரக் கூடாதா என்று கேட்டேன். அவர் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. “இன்று காலை வந்தது அவ்வளவுதான், முஸியே. இல்லாததை எழுதி வைக்கக் கூடாது அல்லவா?” என்றார்.

இல்லாததை எழுதி வைக்கக் கூடாது. நேயர்களே, இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்று வேறு எதையோ சாப்பிட்டேன், என்னவென்று நினைவில்லை. அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே போய் முதல் ஆளாக உட்கார்ந்து மீனைக் கேட்டு வாங்கினேன். என் ஆர்வத்தைப் பார்த்த அம்மையார், மதியப் பரிமாறல் முடிந்த பிறகு சமையலறை வாசல்வரை வந்து பார்க்கலாம் என்றார். அங்கே அவருடைய கணவர் தமக்கும் மனைவிக்கும் மிஞ்சிய ஒரு துண்டு மீனுக்காக அந்தச் சாற்றைச் செய்துகொண்டிருந்தார்.

நம் சின்ன வெங்காயத்தின் நெருங்கிய உறவான ஒரு வகை வெங்காயத்தை எள்ளளவாக நறுக்கி, வெள்ளை ஒயினும் வினிகரும் விட்டுச் சிறு தீயில் வைத்தார். நீர் வற்றிக்கொண்டே வந்து, வெங்காயம் ஈர மணலைப்போல ஆகும்வரை காத்திருந்தார். பிறகு குளிர்ந்த வெண்ணெயைச் சிறு கட்டிகளாக வெட்டி, ஒரு கட்டி போட்டுக் கம்பிக் கடையியால் கலக்கி, அது கரைந்து மறைவதற்குள் அடுத்த கட்டி என்று போட்டுக்கொண்டே போனார். வாணலியை ஒரு கணம் தீயின்மேல் வைப்பார், மறுகணம் தூக்கிவிடுவார். அடுப்பைப் பார்க்கவே இல்லை; காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘சர்’ என்ற ஓசை வந்தால் சூடு மீறிவிட்டது என்று பொருள். கொதித்தால் வெண்ணெய் திரிந்து, நெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்துவிடும். பல உணவகங்களில் அப்படித் திரியாமல் இருக்கப் பாலேட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவர் சேர்க்கவில்லை. சில நிமிடங்களில் வாணலியில், வெளிறிய தந்த நிறத்தில், கரண்டியின் முதுகில் மெல்லிய போர்வைபோல ஒட்டி நிற்கும் ஒரு சாறு உருவாகியிருந்தது. அதில் முட்டை இல்லை, மாவு இல்லை. நாந்த் நகருக்கருகே கிளெமான்ஸ் லெஃபேவ்ர் என்ற சமையல்கார அம்மையார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வேறொரு சாற்றுக்கு முட்டைக்கரு சேர்க்க மறந்துபோனதால் இது பிறந்தது என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தச் சாற்றைக் காலையில் செய்து இரவுவரை வைத்திருக்க முடியாது. ஆறினால் உறைந்துவிடும், உறைந்ததை மறுபடி சூடாக்கினால் திரிந்துவிடும். கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில்தான் செய்தாக வேண்டும். ஒரு மனிதர், இரண்டு கைகள், நான்கு அடுப்புகள். அப்படியிருக்கப் பலகையில் எத்தனை வரிகள் எழுத முடியும்? ஏழு வரி என்பது வறுமை அன்று. அந்த இரண்டு கைகளால் உண்மையாகச் செய்து முடிக்கக்கூடியதன் அளவு அது. நாற்பது உணவுகளை எந்த நேரமும் தருகிறோம் என்று சொல்லும் சிறு உணவகத்தில், அவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர் அந்தச் சமையல்காரர் அல்லர் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பிரெஞ்சு அரசும் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது. 2014இல் ‘வீட்டிலேயே செய்தது’ என்ற பொருள்தரும் ஒரு குறியீட்டைச் சட்டத்தின் வழியே கொண்டுவந்தார்கள். பாத்திரம் ஒன்றுக்கு மூடிக்குப் பதிலாக வீட்டுக் கூரை போட்டதுபோன்ற சின்னம் அது. சமைக்காத மூலப்பொருளிலிருந்து அந்த உணவகத்திலேயே செய்த உணவுக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உறையவைத்த மூலப்பொருளும் அந்த விதிக்குள் அடங்கும் என்பதால், அந்தச் சின்னத்தைவிட, துடைத்து அழிக்கப்படும் ஒரு சுண்ணக்கட்டி வரியையே நான் அதிகம் நம்புகிறேன். மீண்டும் சொல்கிறேன்: பலகையில் ஒரு வரி அழிக்கப்படுவதைப் பார்த்தால் வருந்தாதீர்கள்; நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

இனி, அங்கே போய் உட்காரும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்தவுடன் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்வது கட்டாயம். சொல்லாமல் உட்கார்ந்தால் அது பெரிய மரியாதைக் குறைவு. மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரைதான். இரண்டேகாலுக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். இரவு ஏழு, ஏழரைவரை மறுபடி எரியாது. நாம் உணவுப் பட்டியலை மெனு என்கிறோம். அங்கே மெனு என்றால் நிலையான ஒரே விலைக்கு இரண்டு மூன்று பகுதிகளாக வரும் முழு உணவு. பட்டியலின் பெயர் கார்த். இந்த வேறுபாடு தெரியாமல் மெனு வேண்டும் என்று கேட்டு, முழுச் சாப்பாடே வந்து நின்றதைக் கண்டு திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடிநீர்க் கூசாவுக்குக் காசு இல்லை. சாப்பிடுகிறவருக்கு ரொட்டியும் சாதாரணத் தண்ணீரும் உணவின் விலைக்குள்ளேயே அடக்கம் என்பது 1967இலிருந்தே உள்ள விதி. ஆகவே தயங்காமல் ‘கராஃப் தோ’ என்று கேட்கலாம். ரொட்டிக்குத் தனித்தட்டு வராது. விரிப்பின்மேலேயே வைத்து, கையால் பிய்த்து, தட்டில் மிஞ்சிய சாற்றைத் துடைத்துச் சாப்பிடுவார்கள். பரிமாறும் கட்டணமும் 1987 முதல் எழுதிய விலையிலேயே சேர்ந்திருக்கிறது. மேலே சில்லறை வைப்பது அவரவர் விருப்பம்.

அந்தப் பலகைக்கு இன்னொரு பொருளும் உண்டு. வாடிக்கையாளர் கையில் பணம் இல்லாத நாளில் கணக்கை எழுதி வைத்ததும் சிலேட்டில்தான். அதனால் பிரெஞ்சு மொழியில் இன்றும் ஒருவருக்கு ‘ஆர்துவாஸ் இருக்கிறது’ என்றால் அவர் கடன் பாக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். என்ன சமைத்தோம் என்பதும், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதும் ஒரே கல்லில் எழுதப்பட்ட காலம் இருந்திருக்கிறது. ஊரில் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் மட்டுமே இது நடக்கும்.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, இரண்டு நிமிடமே மீதி என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். பாலாடைக்கட்டியைப் பற்றி விரிவாகச் சொல்லக் குறிப்பெடுத்து வந்திருந்தேன். சுருக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. இனிப்புக்கு முன்னால் பாலாடைக்கட்டி வரும். ஷினோனுக்குப் பக்கத்து வட்டாரத்தில் செய்யும் சேந்த்-மோர் என்ற ஆட்டுப்பால் கட்டியை மட்டும் தவறவிடாதீர்கள். சாம்பல் பூசிய சிறு உருளை அது. உடையாமல் இருக்க நடுவே நீளவாக்கில் ஒரு வைக்கோல் துரும்பு செருகியிருப்பார்கள். அந்தத் துரும்பின்மேலேயே செய்தவரின் அடையாளம் பொறித்திருக்கும். வெட்டுவதற்கு முன் துரும்பை மெல்ல உருவி எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. சாப்பிட்டு முடித்து அரைமணி ஆனாலும் கணக்குச் சீட்டு தானாக வராது. அது கவனக்குறைவு அன்று. சீட்டைக் கேட்காமல் கொண்டுவந்து வைப்பது விருந்தினரை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம் என்று அவர்கள் கருதுகிறார்கள். என் முதல் வருகையில் இது தெரியாமல், காப்பிக் கோப்பை காலியான பின்னும் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ‘லாதிசியோன், சில் வூ ப்ளே’ என்று நீங்களே கேட்க வேண்டும். அந்த மேசை நீங்கள் கேட்கும்வரை உங்களுடையது.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.