கண்ணிலிருந்து விரலுக்கு ஒரு கோடு

(வெள்ளவத்தையில் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோருக்கு வணக்கம். முன்வரிசையில் கொப்பியும் பென்சிலுமாக இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வணக்கம். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

1979இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்கரேட்' என்றொரு படப்புத்தகம் வெளியிட்டார். தன் கையால் செய்த தங்க முயலை மண்ணில் புதைத்துவிட்டு, புதைத்த இடத்தைப் புத்தகத்தின் 15 ஓவியங்களுக்குள் ஒளித்துவைத்தார். சனம் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு விடை. ஒரு படத்துக்குப் பொருந்திய விளக்கம் அடுத்த படத்துக்குப் பொருந்தாது. உடனே அதற்கொரு சாட்டுச் சொல்வார்கள். சாட்டுத் தேவைப்படுகிற விடை பிழையான விடை என்பதுதான் என் எண்ணம்.

உண்மையான திறப்பு மிக எளியது. அடிமட்டத்தை எடுங்கள். படத்திலுள்ள உருவத்தின் இடக்கண்ணிலிருந்து இடக்கையின் மிக நீளமான விரல் வழியாக ஒரு கோடு. அது படத்தின் ஓரத்தில் ஓர் எழுத்தைத் தொடும். அப்புறம் அதே கண்ணிலிருந்து இடக்காலின் நீளமான விரல் வழியாக இன்னொன்று. பிறகு வலப்பக்கமும் அப்படியே. எல்லாப் படத்துக்கும் இந்த ஒரே விதி! தொட்ட எழுத்துகள் சேர்ந்து சொற்களாகும். அந்தச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'ஆம்ப்தில் அருகே' என்று வந்தது. ஆம்ப்தில் இங்கிலாந்தில் ஓர் ஊர். அங்கே பூங்காவில் அரசி கத்தரினின் நினைவாக ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. இரவும் பகலும் சமமான நாளின் நண்பகலில் அதன் நிழல் நுனி விழும் இடமே முயல் கிடந்த இடம். 1982இல் அதைத் தோண்டி எடுத்தவர் புதிரை அவிழ்த்தவரல்ல. முறைப்படி அவிழ்த்தவர்கள் இரண்டு பௌதிக ஆசிரியர்கள். அவர்கள் விடை போய்ச் சேர்வதற்குள் முயல் கைமாறிவிட்டது. இன்றைக்கும் எனக்கு அது மனவருத்தம்தான்.

இந்த வித்தை நமக்குப் புதிதில்லை. 'எட்டேகால் லட்சணமே' என்று ஔவை கம்பரைத் திட்டியதாக ஒரு பாட்டு வழங்குகிறது. எட்டுக்குரிய தமிழ் இலக்கம் 'அ' மாதிரி இருக்கும். காலுக்குரிய குறி 'வ' மாதிரி. சேர்த்து வாசியுங்கள்: அவலட்சணமே! ஒரு காலில் நாலிலைப் பந்தல் என்று கம்பர் போட்ட விடுகதைக்கு விடையும் அதே பாட்டில் இருக்கிறது: 'ஆரையடா சொன்னாய்'. ஆரைக்கீரை. நாங்கள் வீட்டில் இப்போதும் 'ஆர்?' என்றுதானே கேட்கிறோம், அதனால் இந்த இரட்டை அர்த்தம் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

சரி, வில்லியம்ஸின் நிழல் புதிரைக் கொழும்பில் வைக்கலாமா? ஆம்ப்தில் 52 பாகை வடக்கே இருக்கிறது. சமநாள் நண்பகலில் அங்கே ஒரு மீற்றர் தடிக்கு ஏறக்குறைய 1.28 மீற்றர் நிழல். கொழும்பு 7 பாகையில். அதே தடிக்கு இங்கே 12 சென்ரிமீற்றர்தான், ஒரு சாண்கூட இல்லை. ஆனால் ஆம்ப்திலுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேரே உச்சிக்கு வரும். தடியின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

கொப்பியைத் திறவுங்கள் பிள்ளைகள், எழுதுங்கள்: 'கோட்டையில் நிற்கிறேன். அந்தக் காலத்தில் கப்பலுக்குக் கண் காட்டினேன், இப்போது நேரம் மட்டும் காட்டுகிறேன். என் நிழல் என் காலடியில் ஒளிகிற நாளில் வா.' எந்த இடம், எந்த மாதம்? அடுத்த கிழமை விடையோடு வாங்கோ.