வரவு யார் பேரில்?

(காரைக்குடியில் மகளிர் தினத்தை ஒட்டி நடந்த கூட்டத்தில் பேசியது. பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

அவையில் இருக்கும் ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும், இடம் இல்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

உலக வரலாற்றில் அதிகம் பேசப்படாத பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பெயர்களை வரிசையாக அடுக்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் மறந்துவிடும். நாலைந்து பேர் போதும். வேலு நாச்சியாரை நான் தொடப்போவதில்லை. சிவகங்கைச் சீமையில் அவர் பேரை நான் வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது கணக்கு எழுதிச் செழித்த ஊர். பெட்டியடியில் உட்கார்ந்து குறிப்பு எழுதி, பேரேட்டில் பதிந்து, ஐந்தொகை போட்டுச் சரிபார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். ஒருவர் கொண்டுவந்து கட்டிய பணத்தை இன்னொருவர் பேரில் வரவு வைத்துவிட்டால் என்ன ஆகும்? மொத்தக் கூட்டல் சரியாகத்தான் வரும். தவறு நடந்ததே வெளியே தெரியாது. கட்டியவரின் ஏட்டை எடுத்துப் பார்த்தால் மட்டும் அது வெறுமையாக இருக்கும். நான் இன்று சொல்லப்போகும் பெண்களில் பலருக்கு இதுதான் நடந்தது.

முதலில் பர்மா. இந்தப் பக்கத்து வீடுகளின் தூணும் நிலையும் பர்மாத் தேக்கு. ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகளில் இளமையைக் கழித்தவர்கள் ஷ்வேடகோன் என்ற பொன் கோபுரத்தைப் பற்றி வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பொன் கொடுத்தவர்களில் ஷின் சாபு என்ற அரசியும் ஒருவர் என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? தென் பர்மாவில் பெகுவை ஆண்ட, மோன் இனத்து அரசர் ராசாதரித்தின் மகள் அவர். கணவரை இழந்து, பிள்ளைகளோடு இருந்தவரை, அரசியல் சமாதானத்துக்காக வடக்கே ஆவா அரசருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து இரண்டு பிக்குகளின் துணையோடு அங்கிருந்து தப்பித் தன் நாட்டுக்கு வந்தார். 1454-இல் அரியணை ஏறும்போது வயது அறுபதை நெருங்கியிருந்தது. பிறகு, தன்னைத் தப்பவைத்த பிக்குகளில் ஒருவரான தம்மசேதியைத் துறவிலிருந்து வரவழைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, ஆட்சியை அவர் கையில் ஒப்படைத்தார். தானோ கோபுரம் இருக்கும் ஊருக்கே குடிபோய்த் திருப்பணியில் இறங்கினார். தன் எடைக்கு எடை பொன் கொடுத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பர்மாக் கணக்கில் 25 வீசை, சுமார் 40 கிலோ. 1471-இல் காலமானார். பர்மியர்கள் அவரை மறக்கவில்லை. மூன்று தலைமுறை அங்கே போய்வந்த நாம்தான் அவரைப் பற்றிக் கேட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டோம்.

அடுத்தவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த மண்டபத்து மதில் மேல் காகிதப்பூ பூத்துக் கிடக்கிறது. வெயிலுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் தாக்குப்பிடிக்கிற கொடி என்பதால் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. தாவரவியலில் பூகன்வில்லியா. பூகன்வில் என்பவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. 1766-இல் அரசர் ஆணைப்படி இரண்டு கப்பலோடு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டவர். அந்தப் பயணத்துக்குச் செடி ஆராய்ச்சியாளராக கொம்மெர்சோன் என்பவர் நியமிக்கப்பட்டார். அவருடன் ஓர் இளைஞன் உதவியாளாக ஏறினான்.

அந்த இளைஞன் ஒரு பெண். பெயர் ழான் பாரே. 1740-இல் பிரான்சில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கொம்மெர்சோன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கடற்படைக் கப்பலில் பெண் ஏறக்கூடாது என்பது சட்டம். மார்பைத் துணியால் இறுகக் கட்டி, ஆண் உடையில் ஏறினார். கருவிகள் நிறைய இருக்கின்றன என்று கப்பல் தலைவர் தன் அறையையே கொம்மெர்சோனுக்கு விட்டுக்கொடுத்ததால் ஒளிந்து வாழ ஓர் இடம் கிடைத்தது.

வேலை என்ன என்று பாருங்கள். கரையில் இறங்க வேண்டும். மலையோ காடோ ஏறிச் செடியைப் பூவும் காயுமாக எடுக்க வேண்டும். தாளுக்கு நடுவே பரப்பிக் கட்டைக்கிடையில் வைத்து இறுக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் விட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். கடல் ஈரத்தில் இதைச் செய்வது எவ்வளவு பாடு என்று வற்றல் போடுகிற ஆச்சிமாருக்குத் தெரியும். கொம்மெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். காகிதப்பூ கிடைத்த பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அவரால் அதிகம் நடக்க முடியவில்லை. ஆகவே காகிதப்பூவை முதலில் பறித்துவந்தது பாரேயின் கைதான் என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு. நானும் அவர்கள் கட்சி. மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவு, துப்பாக்கி, செடிக்கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவர் ஏறியதைப் பார்த்து, கொம்மெர்சோனே அவரைத் தன் பொதிமாடு என்று சொன்னதாகப் பூகன்வில் தன் நூலில் எழுதியிருக்கிறார்.

1768-இல் தாகித்தித் தீவில், இது பெண் என்று அங்குள்ளவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறார் பூகன்வில். பாரே அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொண்டார். தண்டனை எதுவும் இல்லை. கொம்மெர்சோனும் பாரேயும் மொரீஷியசில் இறங்கித் தங்கிவிட்டார்கள். 1773-இல் கொம்மெர்சோன் இறந்தார். பாரே அங்கே ஒரு மதுக்கடை நடத்தினார், பிரெஞ்சுப் படைவீரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், 1775 வாக்கில் பிரான்சுக்குத் திரும்பினார். உலகத்தைக் கப்பலில் சுற்றிவந்தவர் என்று நாம் அறிகிற முதல் பெண் அவர். அந்தப் பயணத்தில் சேர்ந்த செடி மாதிரிகள் சுமார் 6,000. எழுபதுக்கும் மேற்பட்ட உயிரினங்களுக்கு கொம்மெர்சோன் பெயர் வைத்திருக்கிறார்கள். காகிதப்பூ தளபதி பேருக்குப் போய்விட்டது. பாரேக்கு 1785-இல் அரசு, அன்றைய பிரெஞ்சுக் காசில் ஆண்டுக்கு 200 லிவர் உதவித்தொகை கொடுத்தது. அதுவரை சரி. ஆனால் செடிக்கு அவர் பெயர் நிலைக்க 2012 ஆனது. தென் அமெரிக்காவில் கண்டெடுத்த ஒரு செடிக்கு சொலானம் பாரேத்தியே என்று பெயர் வைத்தார்கள். நம் கத்தரிக்காயின் சொந்தக்காரச் செடி.

பூகன்வில்லைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாரேயை மதித்து எழுதிய முதல் ஆள் அவர்தான். யாரும் திட்டம் போட்டுத் திருடவில்லை. வழக்கம் அப்படி இருந்தது, வழக்கப்படி எழுதினார்கள். இந்தக் கதைகளில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நல்ல மனிதர்கள் எழுதிய கணக்கிலும் பேர் மாறிப்போகிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் நடந்ததும் அப்படித்தான். 1900 வாக்கில் அங்கே பெண்களை மணிக்கணக்குக் கூலிக்கு வைத்து நட்சத்திரக் கணக்குப் போடச் சொன்னார்கள். ஹென்ரியெட்டா லெவிட்டுக்கு மணிக்கு 30 சென்ட். காது சரியாகக் கேட்காது. பெரு நாட்டில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் அவர் மேசைக்கு வரும். வெளிர்ந்த தகட்டில் நட்சத்திரம் கருப்புப் புள்ளியாக இருக்கும். ஒரே வானத்தை வேறுவேறு நாளில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மகெல்லன் மேகங்கள் என்கிற இரண்டு நட்சத்திரக் கூட்டங்களில் மட்டும் இப்படி ஒளி மாறுகிற 1,777 நட்சத்திரங்களை அவர் கண்டு 1908-இல் வெளியிட்டார். அவற்றில் சிறிய மேகத்தில் இருந்த சில, ஒழுங்காகக் கூடிக் குறைபவை. எது அதிகப் பிரகாசமோ அது கூடிக் குறைய அதிக நாள் எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கண்ணில் பட்டது. எல்லாம் ஒரே கூட்டத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை. ஆகவே ஒன்று மங்கலாகத் தெரிகிறது என்றால் உண்மையிலேயே மங்கல்தான், தூரத்தால் அல்ல. அப்படியானால் நாளை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். வானத்தை அளக்க ஒரு முழக்கோல் கிடைத்துவிட்டது.

1912-இல் 25 நட்சத்திரங்களை வைத்து இந்த விதியை வெளியிட்ட அறிக்கையின் முதல் வரியிலேயே இது மிஸ் லெவிட் தயாரித்தது என்று இருக்கிறது. கீழே கையெழுத்து, வானாய்வக இயக்குநர் பிக்கரிங்குடையது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வானியலாளர் ஹப்பிள் இந்த முழக்கோலை வைத்துத்தான் ஆண்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள இன்னொரு அண்டம் என்று நிறுவினார். இன்று விண்வெளித் தொலைநோக்கிக்கே அவர் பெயர். 1925-இல் ஸ்வீடன் நாட்டுக் கணித மேதை ஒருவர் லெவிட்டை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க நினைத்துக் கடிதம் போட்டார். லெவிட் 1921-லேயே இறந்திருந்தார். அந்தச் செய்திகூடக் கடிதம் போட்டவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்காது.

பாரிஸ் ஈபிள் கோபுரத்தில் 72 அறிஞர்களின் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஒரு பெண்கூட இல்லை. தகடுகள் எப்படி வளைந்து அதிர்கின்றன என்ற கணக்குக்காக 1816-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கிய சோஃபி ஜெர்மைன் பெயரும் அதில் இல்லை.

நம் பக்கத்திலும் ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். தலச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள். 1931-இல் அமெரிக்காவில் மிச்சிகனில் முனைவர் பட்டம். அப்புறம் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் அதன் காட்டு உறவுப் புற்களையும் கலந்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர். 1945-இல் டார்லிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞரோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். இங்கிலாந்துத் தோட்டங்களில் பூக்கும் ஒரு மக்னோலியா வகைக்கு அவர் பெயர். எண்பது வயதைத் தாண்டியும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். கரும்புச்சாறு குடிக்கிற நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

இனி இந்த ஊருக்கு வருகிறேன். நான் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை. கல்லூரிக்கு வரலாறு நடத்த வந்து இங்கேயே தங்கிவிட்டவள். வந்த புதிதில் வீடுகளைச் சுற்றிக்காட்டுவார்கள். இது இன்னார் கொண்டுவிக்கப் போய், அதாவது கடல் கடந்து தொழில் செய்து, சம்பாதித்துக் கட்டியது என்று விலாசத்தோடு, அதாவது குடும்பத்துப் பேர்களின் முதலெழுத்துகளோடு, சொல்வார்கள். விலாசத்து எழுத்தெல்லாம் ஆண்கள் பேர். மூன்று வருடக் கணக்குக்கு வீட்டு ஐயா மலாயாவில் இருந்தபோது, கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கூலி அளந்து, சுண்ணாம்பு அரைக்கிற பதம் பார்த்து, குத்தகை நெல்லை வாங்கி வைத்து, நடுவில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் நடத்தியது யார் என்று கேட்டால், அது ஆச்சி பார்த்துக்கொண்டார்கள் என்று அரை வரியில் முடிந்துவிடும்.

மருமகளை வேறு வைத்தால், அதாவது ஒரே வீட்டுக்குள் தனிக்குடித்தனம் வைத்தால், அவளுக்கென்று ஓர் அடுப்படி, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. இருபது வயதில் அந்த வரவு செலவு அவள் பொறுப்பு. சீதனமாக வந்த பணத்தைத் தொழிலில் வட்டிக்குப் போட்ட ஆச்சிமார் உண்டு. ஆச்சிமார் பணம் என்றே அதற்குப் பேர். கடல் தாண்டி நடந்த தொழிலில் அவர்கள் முதலும் ஓடியது. செட்டிநாட்டு வங்கித்தொழில் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு தனி அத்தியாயமாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கான தாள்கள் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் பரணிலும்தான் இருக்கின்றன. இசைபிடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம், சீர் எழுதிய சிட்டை, ரங்கூனுக்குப் போய்வந்த கடிதம், அடுப்படிக் கணக்கு நோட்டு. வீட்டை விற்கும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறோம், தாளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகப் பழைய தாளையும் புத்தகத்தையும் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் மூத்த ஆச்சி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருடம் வேறு வைத்தார்கள், கையில் என்ன கொடுத்தார்கள், அதை எப்படிச் செலவழித்தார்கள், ஐயா ஊரில் இல்லாதபோது என்னென்ன முடிவை அவர்களே எடுத்தார்கள் என்று கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். பழைய போட்டோக்களைக் கேட்டு வாங்கி, நிற்கிற பெண்கள் ஒவ்வொருவர் பேரையும், பிறந்த ஊரையும் பின்பக்கம் எழுதுங்கள். இன்னார் மனைவி என்று மட்டும் எழுதாதீர்கள். பேனாவால் வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். கேட்டு எழுதியதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் பேசுவதற்குப் பதில் நீங்கள் வாசியுங்கள்.

வணக்கம்.