அப்பப்பாவின் மூளை யாருக்கு வந்தது?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச் பே கடற்கரையில் இருக்கிறேன், காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு மான் என் கச்சான் பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி, அதாவது பாஸாகத் தேவையான புள்ளி, வந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. "டொக்டரின்ர பெடியன் தானே, மூளை ரத்தத்தில ஓடுது" என்கிறார் பெரியம்மா. என் தம்பிக்கு அப்பப்பாவின் மூளை, எனக்கு வரவில்லை என்று அன்று தீர்ப்புச் சொன்னவரும் இவர்தான்.

பெரியம்மா சொல்வது முழுப் பொய்யும் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், வளர்ந்தவர்களின் ஐகியூ (அறிவுத்திறன் சோதனைப் புள்ளி) வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது. ஆனால் இது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் கணக்கு. உங்கள் மகனின் மூளையில் பாதி அப்பாவுடையது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

2003இல் டர்க்ஹைமர் என்பவரின் குழு அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களைப் பார்த்தது. வசதியான வீடுகளில் மரபணுவின் பங்கு பெரிதாகத் தெரிந்தது, ஏழை வீடுகளில் கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பாவில் பின்னர் பார்த்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பசியும் பள்ளிக்கூடமும் எல்லா நாட்டிலும் ஒன்றா?

சரி, என் கதை. 2006இல் நான் ஐந்தாம் வகுப்பு. மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். அரிசிச் சாக்கின் மேல் கொப்பியை வைத்துத்தான் எழுதுவேன். மூன்று புள்ளியில் போய்விட்டது. தம்பி எழுதிய வருடம் சொந்த வீடு, மேசை, லைட், பின்னேர ரியூஷன். அவன் பாஸ். ஒரே அம்மா, ஒரே அப்பா. அப்பப்பாவின் மூளை மேசை வாங்கும்வரை காத்திருந்ததாக்கும்!

அப்புறம் பரீட்சை என்பதே ஒரு சல்லடை. 1921இல் டெர்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் ஐகியூ கூடிய சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார். சோதித்துவிட்டு வேண்டாமென்று விட்டவர்களில் ஷொக்லியும் அல்வாரெஸும் இருந்தார்கள். இருவரும் பிறகு பௌதிகத்துக்கு நோபல் வாங்கினார்கள், 1956இலும் 1968இலும். தேர்ந்தெடுத்த கூட்டத்தில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

சரி, எழும்புகிறேன். ஆறு மணிக்குப் பெரியம்மாவின் பேரனுக்குக் கணக்கு வகுப்பு. சொல்லிக்கொடுப்பது நான்தான்.