சிரிப்பு எங்கே போயிற்று?

(ஒரு திரைப்பட ரசிகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடைக்கு வருவதற்கு முன் பின்வரிசைத் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சார், நீங்க இன்னைக்குப் பேசப்போற தொடர் காமெடிதானா? நான் ரெண்டு எபிசோட் பார்த்தேன், எனக்கு நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு."

தம்பி, நாம் பேசப்போகிற ‘தி பேர்’ பற்றிய இதே கேள்வியை எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது மேடையிலேயே எழுப்பினார்கள். 2024 செப்டம்பர் 15, லாஸ் ஏஞ்சலிஸ். நிகழ்ச்சியைத் தொகுத்தவர்கள் அப்பாவும் மகனுமான யூஜின் லெவியும் டான் லெவியும். ‘தி பேர்’ உண்மையில் காமெடிதானா என்று நாங்கள் ஜோக் அடிப்போம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், ஆனால் அந்தத் தொடரின் பாணியிலேயே நாங்களும் ஜோக் எதுவும் அடிக்கப்போவதில்லை என்றார்கள். அரங்கம் வெடித்துச் சிரித்தது. அன்று இரவு சிறந்த காமெடித் தொடர் என்ற பரிசு ‘ஹாக்ஸ்’ தொடருக்குப் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் செப்டம்பர் சுற்றில் ‘தி பேர்’ வாங்கிய எம்மிகள் மொத்தம் 11. ஒரே சுற்றில் ஒரு காமெடித் தொடர் அதற்கு முன் அவ்வளவு வாங்கியதில்லை. முந்தைய சாதனை 10. அதுவும் இவர்களுடையதுதான், எட்டே மாதத்துக்கு முன் ஜனவரியில் வாங்கியது. 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்ததால் அந்த ஆண்டு விழா 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதனால் ஒரே ஆண்டில் இரண்டு விழா.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தொடரின் சீசன் ஒவ்வொன்றும் ஜூன் மாதம்தான் வரும். எம்மி கணக்கு மே மாதத்தோடு முடிந்துவிடும். ஆக, விருது எப்போதும் ஒரு சீசன் பின்தங்கியே வரும். செப்டம்பரில் பரிசுக்கு நின்றது 2023இல் வந்த இரண்டாம் சீசன். ஆனால் எல்லோர் மனசிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, ஜூன் 26 அன்று பத்து எபிசோடையும் மொத்தமாக இறக்கிய மூன்றாம் சீசன். இரண்டாம் சீசன் எழுதிய பரீட்சைக்கு மூன்றாம் சீசனின் விடைத்தாளைத் திருத்தி மார்க் போட்டுவிட்டார்கள் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது. ஆனால் இன்று நான் பேசப்போவது அந்த மூன்றாம் சீசனைப் பற்றித்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்மி, உலகத்தின் பெரிய பெரிய உணவகங்களில் வேலை பார்த்த இளம் செஃப். அண்ணன் மைக்கி தற்கொலை செய்துகொள்கிறான். சிகாகோவில் அவன் நடத்திவந்த சாண்ட்விச் கடை கடனும் அழுக்குமாகத் தம்பி தலையில் விழுகிறது. கூடவே பழைய ஆட்கள்: வாய் ஓயாத ரிச்சி, முறைத்துக்கொண்டே வேலை பார்க்கும் டீனா, ரொட்டி போடும் மார்கஸ். புதிதாக வந்து சேர்பவள் சிட்னி. முதல் சீசனில் சாண்ட்விச் கடை, இரண்டாம் சீசனில் அதை இடித்துப் பெரிய உணவகமாகக் கட்டுவது, மூன்றாம் சீசனில் அந்த உணவகத்தை நடத்துவது.

அந்தச் சாண்ட்விச் கற்பனை இல்லை. இத்தாலியன் பீஃப் என்பார்கள். சிகாகோவுக்குப் பிழைக்க வந்த இத்தாலியர்கள் கண்டுபிடித்த சிக்கனம் அது. மலிவான, கடினமான கறியை மெதுவாக வேகவைத்து, காகிதம் போலச் சீவி, நீள ரொட்டிக்குள் வைத்து, கறிச்சாற்றிலேயே முக்கித் தருவார்கள். மேலே ஜார்டினியேரா என்ற காரமான காய்கறி ஊறுகாய். கொஞ்சம் கறியை வைத்துக் கல்யாணப் பந்தியையே சமாளிக்கக் கண்டுபிடித்த வித்தை என்கிறார்கள். கடையும் உண்மைதான். ஆர்லியன்ஸ் தெருவில் ‘மிஸ்டர் பீஃப்’ என்று இருக்கிறது. தொடரை உருவாக்கிய கிறிஸ்டோபர் ஸ்டோரர், கடைக்காரர் ஜோசஃப் ஜுக்கெரோவின் மகனுக்கு நண்பர். முதல் எபிசோடின் பகுதிகளை அந்தக் கடைக்குள்ளேயே எடுத்துவிட்டு, பிறகு அதே மாதிரி ஒரு சமையலறையை ஸ்டுடியோவில் கட்டிக்கொண்டார்கள்.

அப்புறம், யாரை வைத்துக்கொண்டு எடுத்தார்கள் என்று பாருங்கள். ஸ்டோரரின் சகோதரி கோர்ட்னி ஸ்டோரர் தொழில்முறை செஃப். திரையில் தெரிகிற சாப்பாடு அவர் பொறுப்பு. கூடவே கனடாவின் மேட்டி மேத்சன், அவரும் நிஜ செஃப். ஆனால் அவருக்குக் கொடுத்த வேடம் என்ன தெரியுமா? சமைக்கத் தெரியாத, குழாயும் பல்பும் மாட்டுகிற நீல் ஃபாக். கார்மியாக நடித்த ஜெரமி ஆலன் ஒயிட் சமையல் பள்ளிக்குப் போனார், நிஜ உணவகத்தில் நின்று வேலை பார்த்தார். மார்கஸாக நடித்த லயனல் பாய்ஸை ரொட்டி சுட கோபன்ஹேகனுக்கே அனுப்பினார்கள். அதனால்தான் அந்தக் கைகள் பொய் சொல்வதில்லை. "கார்னர்", "பின்னால்" என்று கத்திக்கொண்டே ஒருவரை ஒருவர் கடப்பார்கள். கொதிக்கிற பாத்திரத்தோடு திரும்புகிறவன் கத்தாவிட்டால் யாராவது வெந்துபோவார்கள்.

முதல் சீசனின் ஏழாவது எபிசோட். ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் கேமரா வெட்டு இல்லாமல் ஓடும். கடை திறக்கச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. முன்பதிவு ஆர்டர் வாங்கும் வசதியை சிட்னி தவறுதலாகத் திறந்து வைத்துவிட்டாள். ஆர்டர் மெஷின் சீட்டைத் துப்ப ஆரம்பிக்கிறது. கிர்ர், கிர்ர், கிர்ர். நிற்கவே இல்லை. சீட்டு நாடாவாக நீண்டு தரையைத் தொடுகிறது. 255 பீஃப் சாண்ட்விச், எட்டு நிமிடத்தில் வேண்டும். கார்மி கத்துகிறான். மார்கஸ் இந்த அமளியிலும் தன் டோனட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். சிட்னி கையில் கத்தி, ரிச்சி பின்னால் வந்து நிற்கிறான், கத்தி அவன் பின்புறத்தில் இறங்குகிறது. தம்பிக்குப் படபடப்பு வந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆனால் பாருங்கள், அந்தக் கத்திக்குத்து அப்பட்டமான காமெடி. வேலையின் அழுத்தத்திலிருந்தே அது கிளம்பி வருகிறது. யாரும் சிரிக்க வைப்பதற்காக எதையும் செய்யவில்லை.

எனக்கு இது கொஞ்சம் தெரியும். படிப்பு முடித்த புதிதில் எட்டு மாதம் ஒரு ஓட்டலில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டம் வடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. ஒன்றேகால் மணிக்கு, சாம்பார் தீர்ந்துபோய் நாற்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் மாஸ்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும். அதைக் கேட்டுச் சப்ளையர் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். அந்த வார்த்தையை இந்த மேடையில் சொல்ல முடியாது.

சரி, மூன்றாம் சீசனுக்கு வருவோம்.

வேலைநிறுத்தம் முடிந்து, 2024இன் ஆரம்ப மாதங்களில் சிகாகோவில் படப்பிடிப்பு. நான்காம் சீசனின் ஒரு பகுதியையும் சேர்த்தே எடுத்தார்கள். ஜூனில் ஒளிபரப்பு. முதல் எபிசோடில் பேச்சு மிகக் குறைவு. ஒரே இசை பின்னால் ஓடிக்கொண்டே இருக்க, கார்மியின் நினைவுகள் முன்னும் பின்னுமாக வருகின்றன. கோபன்ஹேகன், நியூயார்க், காதுக்குள் விஷம் ஊற்றிய ஒரு முதலாளி செஃப், தட்டுகள், இன்னும் தட்டுகள். டேனியல் பூலூ, ரெனே ரெட்செபி போன்ற நிஜ செஃப் ஜாம்பவான்கள் தலைகாட்டுகிறார்கள். எனக்கு அந்த எபிசோட் பிடித்தது. இரண்டாம் முறை பார்த்தபோது கொஞ்சம் குறைவாகப் பிடித்தது.

பிறகு கார்மி ஒரு பட்டியல் எழுதுகிறான். எதிலும் சமரசம் கிடையாது. முக்கியமான விதி: மெனு தினமும் மாற வேண்டும். நேற்று ஜனம் ரசித்துச் சாப்பிட்ட தட்டு இன்று குப்பைக்குப் போகிறது. சிட்னியின் முகத்தைப் பாருங்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. பணம் போட்ட சிசரோ மாமாதான் வந்து வெண்ணெய் பில்லை நீட்டுகிறார். வெண்ணெய்க்கு மட்டும் பதினோராயிரம் டாலருக்கு மேல். ஏன் இவ்வளவு என்றால், அது ஆர்வெல் வெண்ணெய் என்று பதில் வருகிறது. வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்வெல் என்று ஓர் ஊர், அங்கிருந்து வருகிற வெண்ணெய். சிசரோவுக்கு ஞாபகம் வருவதோ சர்வாதிகாரத்தைப் பற்றி நாவல் எழுதிய ஆர்வெல். இந்தக் காட்சி அசல் ‘தி பேர்’ காமெடி. கடன், பில், பிடிவாதம் மூன்றும் மோதுகிற இடத்தில் பிறக்கிற சிரிப்பு.

ஆனால் அந்த மாதிரி இடங்கள் இந்த சீசனில் குறைவு. ஏன் என்று யோசித்தேன். சாண்ட்விச் கடையில் வாடிக்கையாளர் கண் முன்னால் வரிசையில் நிற்பார். பெரிய உணவகத்தில் அவர் சுவருக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் துணி விரித்த மேசையில். சமையலறையில் அமைதி. கத்தல் இருந்தாலும் அது இரண்டு பேர் சண்டை, பத்துப் பேர் அமளி இல்லை. ஒரு மாத வியாபாரத்தை ஒரே எபிசோடுக்குள் அடக்கிய ‘டோர்ஸ்’ மட்டும் விதிவிலக்கு, அங்கே பழைய வேகம் திரும்ப வருகிறது. மற்றபடி சிரிப்பு வேலையிலிருந்து வராததால் அதைத் தனியாக ஆள் வைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆட்கள்தான் ஃபாக் சகோதரர்கள், மேத்சன் நடித்த நீல் ஃபாக்கும் அவன் கூடப்பிறந்தவர்களும். மல்யுத்த வீரர் ஜான் சீனாவையும் ஒரு ஃபாக் ஆக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேத்சன் எனக்குப் பிடித்தமானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் காட்சிகள் பந்தியில் பாயசத்துக்கு நடுவே வந்து நின்ற வடை மாதிரி இருந்தன. விமர்சகர்கள் பலரும் இதைத்தான் முதலில் குறை சொன்னார்கள். கதை நகரவில்லை, விருந்தாளிகள் அதிகம், சண்டை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்றும் சொன்னார்கள்.

விருந்தாளிகள் விஷயம் கடைசி எபிசோடில் உச்சத்துக்குப் போகிறது. தாமஸ் கெல்லர், அமெரிக்காவின் மிகப் பெரிய செஃப்களில் ஒருவர், கார்மிக்கு ஒரு கோழியை எப்படிக் கட்டுவது என்று காட்டுகிறார். அவசரமில்லாமல், நூலை இழுத்து, முடிச்சுப் போட்டு. அது அழகு. ஆனால் அப்புறம் ‘எவர்’ என்ற உணவகத்தை மூடும் கடைசி விருந்தில் செஃப்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்கள். உணவகமும் நிஜம், பேசுகிறவர்களும் நிஜம். சீசனின் கடைசி எபிசோடில், நாம் இரண்டு ஆண்டாகக் கூடவே வந்த சிட்னி இங்கேயே இருப்பாளா, வேறு உணவகத்துக்குப் போய்விடுவாளா என்று காத்திருக்கும்போது, ஒரு கலந்துரையாடலில் மாட்டிக்கொண்ட உணர்வு எனக்கு. பிறகு பத்திரிகை விமர்சனம் வருகிறது, கார்மியின் செல்போனில் பாராட்டும் திட்டுமாக வார்த்தைகள் மின்னி மறைகின்றன, ‘தொடரும்’ என்று போட்டுவிடுகிறார்கள்.

2025இல் இந்த மூன்றாம் சீசன் எம்மிக்குப் போனபோது 13 பரிந்துரைகள். கிடைத்தது பூஜ்யம். அந்த ஆண்டு ‘தி ஸ்டுடியோ’ என்ற காமெடித் தொடர் 13 விருது வாங்கி 11 என்ற சாதனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இது காமெடிப் பிரிவில் நின்றதே தப்பு என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரை மணி நேரம் என்றால் காமெடி, ஒரு மணி என்றால் டிராமா என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய பழக்கம். இந்தத் தொடர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆனால் ஸ்டோரருக்குச் சிறந்த காமெடி இயக்கத்துக்கான விருது வாங்கித் தந்த ‘ஃபிஷஸ்’ எபிசோட் ஒரு மணி நேரத்துக்கும் மேல். கிறிஸ்துமஸ் இரவில் குடித்துவிட்டு கார்மியின் அம்மா காரை வீட்டுச் சுவருக்குள் ஓட்டுகிற கதை. எந்தப் பிரிவில் வைத்தால் என்ன? அதில் சிரிப்பு இருக்கிறது. பயந்துபோய்ச் சிரிக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாம் சீசனை மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன், அதனால் ஆறாவது எபிசோட், ‘நாப்கின்ஸ்’. இயக்கியவர் சிட்னியாக நடிக்கும் அயோ எடெபிரி, அவர் இயக்கிய முதல் எபிசோட். டீனா இந்தக் கடைக்கு வந்து சேர்ந்த கதை. மிட்டாய்க் கம்பெனியில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவளை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாடகை ஏறிவிட்டது. ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்குகிறாள், அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இவள் வயதில் பாதி. டீனாவாக நடித்த லைசா கோலோன்-ஸயாஸ் இரண்டாம் சீசனுக்குச் சிறந்த துணை நடிகை எம்மி வாங்கியவர். அந்தப் பிரிவில் அதை வாங்கிய முதல் லத்தீன் அமெரிக்கப் பெண். கணவனாக வருபவர் அவருடைய நிஜக் கணவர் டேவிட் ஸயாஸ்.

கால் வலிக்க ஒரு சாண்ட்விச் கடைக்குள் நுழைகிறாள். உள்ளே ஒரே சத்தம், கத்தல். ரிச்சி காசு வாங்காமல் காபியும் சாண்ட்விச்சும் கொடுக்கிறான். எடுத்துக்கொண்டு போய் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு கடி கடிக்கிறாள், அழ ஆரம்பிக்கிறாள். கடைக்காரன் மைக்கி பயந்துபோய் வந்து உட்காருகிறான். இரண்டு பேரும் பேசுகிறார்கள். எனக்கு உத்வேகம் வேண்டாம், மாயாஜாலம் செய்ய வேண்டாம், உலகத்தைக் காப்பாற்ற வேண்டாம், என் பிள்ளைக்குச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான் என்கிறாள் டீனா. தட்டில் மாயாஜாலம் தேடி அலைகிற ஒரு சீசனுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாள்.

அந்தக் காட்சியைத் திரையில் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரே மேசை, இரண்டு பேர். சப்டைட்டில் இருக்கிறது. தம்பி, அந்த விளக்கை மட்டும் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.